வானிலிருந்து வீழ்ந்த இரும்பும் காவிரி மணலின் கரும்பொடியும்

சேரமன்னன் கோச்சேரமான் யானைக்கட்சேய் மாந்தரஞ்சேரல் இரும்பொறை மறைந்தபோது கூடலூர் கிழார் பாடிய பாடல், புறநானூற்றில் 229-ஆம் பாடலாக அமைந்துள்ளது. பங்குனித் திங்களின் ஓரிரவில் வானிலிருந்து ஒரு மீன் ஒளிபரப்பியபடி வீழ்வதைப் புலவர் காண்கிறார். மன்னனுக்குத் தீங்கு நேருமோ என்று அவரும் பிறரும் அஞ்சுகின்றனர். ஏழாம் நாள் அந்த அச்சம் மெய்யாகிவிடுகிறது.

இப்பாடலை இலக்கியமாகப் படித்துச் சுவைத்தவர் பலர். காலக்கணிப்புக்குச் சான்றாகக் கொண்டு ஆராய்ந்தவர்களும் உளர். நாம் இங்கு எழுப்ப விரும்புவது வேறொரு வினா. புலவர் விண்மீன்களின் நிலையை அத்துணை நுணுக்கமாகச் சொல்கிறார். ஆனால் வீழ்ந்தது எங்கே சென்று சேர்ந்தது, அதை யாரேனும் எடுத்தார்களா என்பது பற்றிப் பாடலில் பேச்சில்லை. அக்காலத்தில் அது வானத்தின் செய்தி. மண்ணில் தேடத்தக்க பொருளன்று. ஒருவேளை யாரேனும் தேடி ஒரு கருங்கல்லை எடுத்து வந்திருந்தாலும், அது வானிலிருந்து வந்ததுதான் என்று எப்படி உறுதி செய்திருக்க முடியும்?

இவ்வினாவுக்கு உலகம் விடை காண்பதற்குப் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த விடையின் முதற்கருவி காந்தம், இரண்டாவது நிக்கல். 2016-இல் இதே வினா நமது திருச்சிராப்பள்ளியின் ஆய்வுக்கூடம் ஒன்றுக்கே வந்து சேர்ந்தது. அந்த வரலாற்றை இனிக் காண்போம்.

காந்தம் மட்டும் போதுமா?

திருவரங்கத்துத் தீவை அணைத்தோடும் காவிரியிலோ கொள்ளிடத்திலோ நீர் வற்றிய நாட்களில், ஒரு காந்தத்தை நூலில் கட்டி மணலில் இழுத்துச் சென்றால், அதன் முனைகளில் கரும்பொடி மீசைபோல் ஒட்டிக்கொள்ளும். இப்பகுதிச் சிறுவர் பலருக்கும் பழகிய விளையாட்டு இது. அந்தப் பொடி உலோக இரும்பன்று. இரும்பும் உயிர்வளியும் சேர்ந்த மேக்னடைட் என்னும் கனிமம் அதில் மிகுதி. சித்த மருத்துவம் 'அயக்காந்தம்' என்றழைக்கும் கல்லும் இவ்வினமே. சேலத்துக் கஞ்சமலை போன்ற குன்றுகளில் இக்கனிமம் பாறை பாறையாகக் கிடக்கிறது. மழையும் ஓடைகளும் மேற்குமலைகளையும் குன்றுகளையும் அரித்துக் கொணரும் துகள்களே ஆற்றுமணலில் கலந்துள்ளன.

மலைக்கோட்டைப் பாறையிலும் இரும்பு உண்டு. ஆனால் அதுவும் பிற தனிமங்களோடு பிணைந்த கனிமமாகவே உண்டு. நீரும் உயிர்வளியும் நிறைந்த நம் பூமியின் மேற்பரப்பில் இரும்பு தனி உலோகமாக நிலைத்திருப்பது மிக அரிது. அதனால்தான் மனிதன் உலையமைத்து, கரியிட்டு, துருத்தி ஊதி இரும்பைப் பிரித்தெடுக்க வேண்டியிருந்தது. கொடுமணலில் அகழாய்வாளர் கண்ட உலைகள் இந்த உழைப்பின் எச்சங்களே.

எனவே, ஒரு கல் காந்தத்தில் ஒட்டுவதாலேயே அது விண்கல் ஆகிவிடாது. ஒட்டுவது மேக்னடைட்டா, உலோகமா என்று பார்க்க வேண்டும். உலோகம் என்றாலும், அது உலையில் உருகிய இரும்பா, இயற்கையில் நிக்கலோடு கலந்த இரும்பா என்று பார்க்க வேண்டும். இந்தப் படிநிலைகளை முதன்முதலில் முறையாகக் கடந்த ஆய்வுக்கு இந்தியக் கல்லொன்று காரணமாயிற்று என்பது நாம் பெருமையுடன் நினைக்கத்தக்க செய்தி.

காசிக்கு அருகே வீழ்ந்த கற்கள்

1798 டிசம்பர் 19-ஆம் நாள் இரவில், காசிக்கு அருகிலுள்ள கிராக்குட் என்னும் சிற்றூரைச் சுற்றிக் கற்கள் வீழ்ந்தன. ஒரு கல் காவற்காரர் ஒருவரின் குடிசைக் கூரையைத் துளைத்துத் தரையில் புதைந்தது. காசியிலிருந்த ஜான் லாயிட் வில்லியம்ஸ் என்பவர் இச்செய்திகளைத் திரட்டி இலண்டனுக்கு எழுதினார், கற்களும் சென்றன.

அன்றைய ஐரோப்பிய அறிஞருலகம் வானிலிருந்து கல் வீழும் என்பதை நம்பவில்லை. உழவர்களின் கட்டுக்கதை என்றும், மின்னல் தாக்கிய நிலக்கல் என்றும் ஒதுக்கியது. 1794-இல் கிளாட்னி என்னும் செர்மானிய அறிஞர் இவை விண்வெளியிலிருந்து வருபவை என்று நூலெழுதியபோது அதை ஏற்றவர் சிலரே.

இந்நிலையில் எட்வர்ட் ஹோவர்ட் என்னும் ஆங்கில வேதியியலாளர் காசிக் கல்லோடு இத்தாலி, இங்கிலாந்து, பொகீமியா ஆகிய இடங்களில் வீழ்ந்த கற்களையும் பெற்றார். அவருக்குத் துணைநின்ற பிரெஞ்சுக் கனிமவியலாளர் கோமகன் பூர்னோன் அக்கற்களைப் பொடித்துக் கூறு கூறாகப் பிரித்தார். பொடியில் காந்தத்தை நீட்டியதும் உலோகத்துகள்கள் தனியே எழுந்து வந்தன. அவற்றை ஆராய்ந்த ஹோவர்ட் நான்கு கற்களின் உலோகத்திலும் நிக்கல் இருப்பதைக் கண்டார். சைபீரியாவிலும் தென்னமெரிக்காவிலும் கிடந்த பெரும் இரும்புப் பாளங்களிலும் அதே நிக்கல் இருந்தது. ஒன்றுக்கொன்று தொடர்பற்ற நாடுகளில் வீழ்ந்த கற்கள் தம்முள் ஒத்தும், அவ்வவ்வூர் நிலக்கற்களோடு ஒவ்வாமலும் இருப்பது தற்செயலாக முடியுமா? 1802-இல் இம்முடிவுகள் வெளியாயின. மறு ஆண்டில் பிரான்சின் லெய்கில் ஊரில் கல்மாரி பொழிந்ததை பியோ ஆராய்ந்து உறுதி செய்ததும் ஐயம் பெரும்பாலும் அகன்றது.

இவ்வாய்வுக்கு ஏறத்தாழ 180 ஆண்டுகளுக்கு முன்பே, வான் இரும்பைப் பற்றி ஒரு மன்னர் எழுதிவைத்தார் என்பதையும் இங்குக் குறிப்பிடல் தகும். 1621 ஏப்ரலில் ஜலந்தர்ப் பகுதியில் வீழ்ந்த இரும்பைத் தோண்டியெடுக்கச் செய்து, 160 தோலா எடை இருந்ததாக முகலாயப் பேரரசர் ஜஹாங்கீர் தம் நினைவுக் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். உஸ்தாத் தாவூத் என்னும் கொல்லர் அதைத் தனியே அடித்தபோது உதிர்ந்ததாம். மூன்று பங்கு வான் இரும்போடு ஒரு பங்கு வழக்கமான இரும்பைச் சேர்த்து இரண்டு வாள்களும் ஒரு குத்துவாளும் ஒரு கத்தியும் செய்தாராம். அவற்றுள் ஒன்று இன்று வாசிங்டன் பிரீயர் கலைக்கூடத்தில் உள்ளது.

தமிழ்மண்ணின் மூன்று சான்றுகள்

தமிழகத்தில் கிடைத்து உலகப் பட்டியலில் இடம்பெற்ற விண்கற்களுள் மூன்றை இங்கு எடுத்துக்கொள்வோம். மூன்றும் காந்தத்துக்கு மூன்று விதமாக விடைசொல்பவை.

முதலாவது, 1857 பிப்ரவரி 28 அன்று அன்றைய மதுரை மாவட்டத்தில் வீழ்ந்தது. ஆங்கிலேயர் பர்னல்லி என்று எழுதிய ஊரின் பெயரால் இன்றும் அறியப்படுகிறது. இரண்டு கற்கள், மொத்த எடை ஏறத்தாழ 77 கிலோ. பெருங்கல் இலண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளது. இது இரும்பும் உலோகமும் குறைந்த வகையைச் சேர்ந்த காண்ட்ரைட். இதில் உலோகத்துகள்கள் மிகச் சிலவே. காந்தம் மெல்லத்தான் ஈர்க்கும். ஆனால் சூரியக் குடும்பம் உருவான காலத்தில் உருகி உறைந்த நுண்கோளங்கள் இக்கல்லில் அதிகம் சிதையாமல் இருப்பதால் ஆய்வாளர் இதைப் பெரிதும் போற்றுகின்றனர்.

இரண்டாவது, 1886 ஜனவரி 27 அன்று தென்னார்க்காடு மாவட்டத்தில் வீழ்ந்த நம்மியந்தல் கல். எடை ஏறத்தாழ நாலரைக் கிலோ. இது உலோகம் மிகுந்த காண்ட்ரைட் வகை. இவ்வகைக் கற்களின் எடையில் ஏறத்தாழ 15 முதல் 20 விழுக்காடு நிக்கல் கலந்த இரும்புத்துகள்களாகவே இருக்கும். காந்தம் பட்டென்று ஒட்டும்.

மூன்றாவது, 1898-இல் பழனிமலைத் தொடரில் கண்டெடுக்கப்பட்ட கொடைக்கானல் இரும்பு. வீழ்ந்ததை எவரும் கண்டதாகப் பதிவில்லை. கிடைத்தது ஏறத்தாழ 16 கிலோ எடையுள்ள உலோகக்கட்டி. முழுவதும் இரும்பு-நிக்கல் கலப்புலோகமாயினும், அதனுள்ளே ஆங்காங்கே கண்ணாடியும் சிலிக்கேட் கனிமங்களும் துளித்துளியாக உறைந்திருப்பதே இதன் தனிச்சிறப்பு. அத்துளிகளின் வயதை 1967-இல் பர்னெட், வாசர்பர்க் ஆகிய இருவரும் கணித்தபோது 380 கோடி ஆண்டுகள் என்று விடை வந்தது. சூரியக் குடும்பத்தின் வயதோ 456 கோடி ஆண்டுகளுக்கும் மேல். பெரும்பாலான விண்கற்கள் தொடக்கத்திலேயே உறைந்துவிட்டவை. கொடைக்கானல் இரும்பு மட்டும் எழுபது, எண்பது கோடி ஆண்டுகள் கழித்து மீண்டும் ஒருமுறை உருகியிருக்கிறது. ஏதோ ஒரு மோதல் அதன் தாய்க்கோளை உலுக்கியிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர் கருத்து.

பூமியின் சொந்த நிக்கல் இரும்பு

நிக்கல் கலந்த இரும்பு என்றாலே வானிலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாமா? அதுவும் முழு உண்மையன்று. 1870-இல் கிரீன்லாந்தின் டிஸ்கோ தீவில் பெரும் இரும்புப் பாறைகளைக் கண்ட சுவீடன் நாட்டு ஆய்வாளர் நூர்தென்ஷோல்ட், அவை விண்கற்களே என்று கருதினார். மிகப் பெரியது இருபது டன்னுக்கும் மேல். பின்னர் டென்மார்க்கின் ஸ்டீன்ஸ்ட்ரப், அதே தீவின் எரிமலைப் பாறைக்குள்ளும் அத்தகைய இரும்பு பதிந்திருப்பதைக் காட்டினார். எரிமலைக் குழம்பு கரிமப் படிவுகளைத் துளைத்துக்கொண்டு மேலெழுந்தபோது, கரி உயிர்வளியைப் பறிக்க, இரும்பு உலோகமாகத் தங்கிவிட்டது. நம் கொல்லருலையில் நடப்பதை அங்கு இயற்கையே செய்திருக்கிறது. அந்த இரும்பில் நிக்கல் உண்டு. ஆனால் விண்ணிரும்பில் இருப்பதைவிடக் குறைவு.

இதற்கு நேர்மாறாக, நிக்கல் மிகுந்து இரும்பு குறைந்த நிலக்கலப்பும் உண்டு. நியூசிலாந்தின் அவாருவா விரிகுடாவில் 1885-இல் கண்டறியப்பட்ட அவாருவைட் அத்தகையது; ஓர் இரும்பணுவுக்கு மூன்று நிக்கலணுக்கள். கடலடிப் பாறை நீரோடு வினைபுரிந்து பச்சைக்கல்லாக மாறும் இடங்களில் இது பிறக்கிறது. ஆகவே நிக்கல் உண்டா என்பதோடு, எத்தனை விழுக்காடு, எந்தக் கட்டமைப்பில் என்பதும் கேட்கப்பட வேண்டிய வினாக்களாகின்றன.

பெரும்பாலான விண்ணிரும்பில் நிக்கல் 5 விழுக்காட்டுக்குக் குறையாது. எகிப்திய மன்னன் தூத்தங்காமனின் கல்லறையில் கிடைத்த இரும்புக் குத்துவாளை எக்சுக் கதிர்களால் ஆராய்ந்து, அதில் ஏறத்தாழ 11 விழுக்காடு நிக்கல் இருப்பதை 2016-இல் வெளியிட்டனர். வாளைச் சுரண்டாமலே வானம் தந்த இரும்பு என்று உறுதியாயிற்று.

ஊழிக்காலம் குளிர்ந்த உலோகம்

விண்ணிரும்பை அறுத்து, மெருகேற்றி, அமிலம் தடவினால் பட்டைகள் ஒன்றையொன்று வெட்டிச்செல்லும் அழகிய கோலம் தெரியும். 1808-இல் இதைக் கண்ட வியன்னாவின் விட்மான்ஸ்டேட்டன் பெயரால் இக்கோலம் வழங்குகிறது. நேப்பிள்சில் தாம்சன் என்பவர் 1804-இலேயே இதைக் கண்டு எழுதியிருந்தார். நிக்கல் குறைந்த பட்டை காமசைட். நிக்கல் மிகுந்த மெல்லிய விளிம்பு டேனைட். பத்து இலட்சம் ஆண்டுகளுக்குச் சில பாகை முதல் சில ஆயிரம் பாகை வரை என்ற அளவில் உலோகம் மெல்லக் குளிர்ந்தால்தான் இரண்டும் இவ்வாறு பிரிந்து வளரும். எந்தக் கொல்லராலும் இதைப் போலியாகச் செய்ய இயலாது. விண்ணிரும்பின் முத்திரை இதுவே.

காந்தப் பண்பிலும் இவை வேறுபடுகின்றன. காமசைட் காந்தத்தால் எளிதில் ஈர்க்கப்படும். ஆனால் பெற்ற காந்தத்தன்மையை எளிதில் இழந்தும் விடும். டேனைட்டின் விளிம்பிலோ, ஏறத்தாழ 320 பாகை செல்சியசுக்குக் கீழே மெல்ல மெல்லக் குளிரும்போது, இரும்பணுக்களும் நிக்கலணுக்களும் அடுக்கடுக்காக மாறி மாறி அமர்கின்றன. 1980-இல் தனிக் கனிமமாக அறிவிக்கப்பட்ட இதன் பெயர் டெட்ராடேனைட். ஒரு திசையில் மட்டும் காந்தத்தை இறுகப் பற்றிக்கொள்வது இதன் இயல்பு. அருமண் தனிமங்கள் இல்லாமலே வலிய காந்தம் செய்ய இது உதவுமா என்று பல நாடுகளில் முயன்று வருகின்றனர்.

படிகத்தின் காந்தப் பண்பு திசைக்குத் திசை மாறுவதைத் துல்லியமாக அளக்கும் கலையில் உலகுக்கு வழிகாட்டியவருள் ஒருவர் தமிழர் என்பதை மறக்கலாகாது. கொடைக்கானல் இரும்பு கண்டெடுக்கப்பட்ட அதே 1898-இல் வத்திராயிருப்பில் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன், டாக்காவிலும் கல்கத்தாவிலும் இவ்வளவீடுகளைச் செய்தார். அவர் ஆராய்ந்தவை வேறு படிகங்கள். ஆனால் கேட்ட வினா இதே இனத்தது. அவருடைய ஆசான் சர் சி. வி. இராமன், திருச்சிக்கும் திருவரங்கத்துக்கும் இடைப்பட்ட திருவானைக்காவில் 1888-இல் பிறந்தவர்.

டெட்ராடேனைட்டின் பிடிவாதமே அதை ஓர் ஆவணமாக்குகிறது. அது உருவானபோது சூழ்ந்திருந்த காந்தப்புலம் எத்திசையில், எவ்வளவு வலிமையோடு இருந்தது என்பதை நானோமீட்டர் அளவிலான திட்டுகளில் பொதிந்து வைத்திருக்கிறது. சிலி நாட்டின் இமிலாக், அர்ஜென்டினாவின் எஸ்குவெல் ஆகிய விண்கற்களின் இத்திட்டுகளைப் படித்து, அவற்றின் தாய்க்கோளில் உருகிய உலோக உள்ளகம் காந்தப்புலத்தை உண்டாக்கியதையும், உள்ளகம் உறைந்ததும் அப்புலம் ஓய்ந்ததையும் 2015-இல் அறிவித்தனர். 2020-இல், கொடைக்கானல் இரும்பு சேர்ந்திருக்கும் அதே குழுவின் சில விண்கற்களை ஆராய்ந்து, அவற்றின் தாய்க்கோளுக்கும் உலோக உள்ளகமும் காந்தப்புலமும் இருந்தன என்று காட்டினர். கல்வெட்டறிஞர் தேய்ந்த எழுத்தைப் படியெடுத்துப் படிப்பதற்கும் இதற்கும் அதிக வேறுபாடில்லை.

2016: திருச்சிக்கு வந்த வினா

2016 பிப்ரவரி 6 அன்று, அன்றைய வேலூர் மாவட்டத்து நாட்றம்பள்ளிக்கு அருகே ஒரு பொறியியல் கல்லூரி வளாகத்தில் பெரும் ஓசையுடன் வெடிப்பு நிகழ்ந்து ஒருவர் உயிரிழந்தார், சிலர் காயமுற்றனர். விண்கல் வீழ்ந்ததே காரணம் என்று தமிழக அரசு அறிவித்து இழப்பீடும் வழங்கியது. வளாகத்தில் கிடைத்த சிறு கற்கள் திருச்சிராப்பள்ளி தேசியக் கல்லூரியின் கருவி ஆய்வகத்தில் மின்னணு நுண்ணோக்கியால் ஆராயப்பட்டன. கார்பன் கூறுள்ள காண்ட்ரைட் வகைக்கான அடையாளங்கள் தென்படுவதாக முதற்கட்ட அறிக்கை கூறியது. அமெரிக்க நாசா அமைப்பினரோ, வெளியான படங்களைப் பார்க்கையில் நிலத்தில் நிகழ்ந்த வெடிப்பாகவே தோன்றுகிறது என்றனர். உலக விண்கல் பட்டியலில் அக்கல் இடம்பெறவில்லை.

இரு தரப்பையும் எடைபோடுவது நம் நோக்கமன்று. ஆனால் இந்நிகழ்வில் பொதிந்துள்ள பாடம் பெரிது. விண்கல் தாக்கி மனிதர் ஒருவர் இறந்ததாக அறிவியல் முறையில் உறுதிசெய்யப்பட்ட நிகழ்வு ஒன்றுகூட அதுவரை உலகில் இல்லை. அத்தகைய அரிய முடிவு ஒரு சிறு கல்லின் உள்ளடக்கத்தைச் சார்ந்து நின்றது. ஓர் உயிர் எதனால் போயிற்று என்ற கேள்விக்கு விடை அக்கல்லுக்குள்தான் இருந்தது. மின்னணு நுண்ணோக்கியில் ஒரு தனிமம் தெரிவது தொடக்கமே. நுண்கோளங்கள் உண்டா, உலோகத்துகளில் நிக்கல் எத்தனை விழுக்காடு, மேற்புறத்தில் உருகி உறைந்த கருந்தோல் உண்டா, உயிர்வளி ஓரிடத்தான்களின் விகிதம் என்ன என்பனவெல்லாம் ஒன்றுகூடிச் சொன்னால்தான் முடிவு. மேலும் கார்பன் மிகுந்த கற்கள் பலவற்றில் உலோகம் மிகக் குறைவு. அங்குக் காந்தம் தரும் விடை மங்கலானது. ஹோவர்டுக்கு நான்கு கற்கள் தேவைப்பட்டன என்பதை நினைவில் கொள்வோமாக.

காந்தத்தை நீட்டுமுன்

இறுதியாக ஒரு வேண்டுகோள். விண்கல்லைக் கண்டறியக் காந்தத்தை நீட்டுவது பூர்னோன் காலந்தொட்டு வரும் வழக்கம். ஆனால் இன்று கடைகளில் கிடைக்கும் வலிய நியோடிமியக் காந்தம் ஒருமுறை தீண்டினாலே, கல்லுக்குள் கோடிக்கணக்கான ஆண்டுகளாகப் பதிந்திருந்த காந்தப்பதிவு கலைந்துவிடக்கூடும். செவ்வாயிலிருந்து வந்து சகாராவில் கிடைத்த 'கருப்பழகி' என்னும் புகழ்பெற்ற கல்லின் துண்டுகளை ஆராய்ந்தவர்கள், விற்பவரும் சேகரிப்பவரும் காந்தத்தால் தீண்டியதால் பழம்பதிவு அழிந்துபோயிருந்ததை 2023-இல் வருத்தத்துடன் எழுதினர். கல்வெட்டின் மேல் சுண்ணாம்பு பூசியதைப் போன்ற இழப்பு இது.

ஆகவே வயலிலோ மலையடியிலோ ஐயத்துக்குரிய கல்லைக் காண்போர், முதலில் கிடந்த நிலையிலேயே படமெடுத்து, இடத்தைக் குறித்துக்கொள்வது நல்லது. கழுவுவதும் உடைப்பதும் வேண்டா. காந்தத்தால் சோதித்தே ஆகவேண்டுமெனில், ஒரு சிறு துணுக்கில் மட்டும் சோதித்து, எஞ்சியதைத் தீண்டாமல் விடலாம். அல்லது காந்த ஊசியைக் கல்லுக்கு எட்டவைத்துப் பிடித்து, ஊசி அசைகிறதா என்று மட்டும் பார்க்கலாம். நாட்டின் விண்கற்களைப் பேணும் பொறுப்பு இந்தியப் புவியியல் ஆய்வுத்துறையைச் சார்ந்தது. அவர்களுக்குத் தெரிவிப்பதே முறை.

கூடலூர் கிழார் வானத்தைப் பார்த்து நாளும் கோளும் பிசகாமல் எழுதி வைத்ததனால்தான், அந்தப் பங்குனி இரவைப் பற்றி இன்றும் நம்மால் பேச முடிகிறது. வீழ்ந்த மீன் எங்கே என்பது இனித் தெரிய வழியில்லை. அடுத்து வீழ்வது நம் ஊர் மணலில் வீழ்ந்தால், அது சுமந்து வரும் பதிவைப் படிக்கும் அறிவு இன்று நம்மிடம் உண்டு. படிக்குமுன் அழித்துவிடாத பொறுமையும் வேண்டும்.